ஒற்றையாய் மோட்டார் சைக்கிளில் வந்து யாழ்ப்பாணத்தில் சொந்தக்காரர் வீட்டில் தங்கியவர்கள், எழுதுங்கள்

வன்னித்தூசி:
கொழும்பில் வெளிக்கிட்டு மட்டக்களப்பு, திருகோணமலை சுற்றி ஏ9 வீதியில் ஏறி வந்தேன். முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துக் கச்சான் கடலை வாங்கியது, ஆனையிறவுக் காற்று எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். தங்கியது யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பெரியம்மா வீட்டில். முதுகுநோவு ஆறும்வரை படுத்துவிட்டு, கோட்டை, நூலகம், கீரிமலை பார்ப்பதாக யோசனை.

கீரிமலைக்கு ஹெல்மெட்டை எடுக்கும்போது பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். "நானும் வாறன். போற வழியிலை கட்டுவனுக்கு ஒருக்கா விடு." 1990 இல் விட்டு ஓடிய காணி. ஆமியிடமிருந்து விடுபட்ட பிறகும் அவரைக் கூட்டிப்போக ஆளில்லை.

வீடு இல்லை, பற்றைதான். கிணறு மட்டும் இருந்தது. எட்டிப் பார்த்துவிட்டு "அள்ளு" என்றார். வாளியும் இல்லை, கயிறும் இல்லை. பின் சீட்டில் பையைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துத் தண்ணீர்ப் போத்தலின் கழுத்தில் கட்டினேன். வெறும் போத்தல் மிதக்குமே, அதனால் பாரத்துக்கு ஒரு ஸ்பானரையும் சேர்த்துக் கட்டி இறக்கினேன். சருகுத் துண்டு மிதக்கத் தண்ணீர் வந்தது. குடிக்க வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. ஒரு வாய் எடுத்தார். கன்னம் உப்ப, கண்ணை மூடி, விழுங்காமல் அப்படியே வைத்திருந்தார். பிறகு விழுங்கிவிட்டு, "ஊத்து மாறேல்லை. சரி, வெளிக்கிடுவம்."

கீரிமலையில் அவர் கேணிக்குள் இறங்கவில்லை. போத்தலை மடியில் வைத்தபடி படியில் இருந்தார், பெரியம்மாவுக்குக் கொடுக்க வேண்டுமாம். கோட்டையும் நூலகமும் பிறகு பார்த்தேன்தான். யாராவது யாழ்ப்பாணம் எப்படி என்று கேட்டால் எனக்கு முதலில் வருவது அந்த உப்பிய கன்னம்.

செம்மண்:
வன்னித்தூசி, "விடுபட்ட பிறகு" என்று ஒரே சொல்லில் தாண்டாதீர்கள். கட்டுவன் அடங்கிய வலிகாமம் வடக்கில் எல்லாருக்கும் விடுபடவில்லை. பலாலிப் பக்கம் எங்கள் காணி இன்னும் முட்கம்பிக்கு உள்ளே. நான் கண்டியிலிருந்து வந்து சுன்னாகத்தில் சித்தப்பா வீட்டில் நின்றபோது அவரும் பின்னால் ஏறிக்கொண்டார். வேலிக்கு வெளியே நின்று, "அந்த மொட்டைப் பனைக்கு நேரே எங்கட படலை" என்று கையை நீட்டினார். பனை நான்கைந்து தெரிந்தது. எது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. உங்கள் பெரியப்பாவுக்கு ஒரு வாய் தண்ணீராவது கிடைத்தது.

கிளச்கேபிள்:
பெண்பிள்ளை தனியே மோட்டார் சைக்கிள் ஓடி வருவதே சாவகச்சேரி மாமிக்குப் பெரிய கவலை. செவ்வாய்க்கிழமை வெளிக்கிடுகிறேன் என்றதும் ஒன்றும் பேசவில்லை. காலையில் சாவியைக் காணோம். அரிசி வாளிக்குள் இருந்து புதன்கிழமை அதுவாக வெளியே வந்தது!

அந்தச் செவ்வாய் முழுக்க அவர் சமையல்: பிட்டு, மீன்குழம்பு, பின்னேரம் ஒடியற்கூழ். சாப்பிட்டு முடிய என் ஜாக்கெட்டில் பிய்ந்திருந்த சிப்பைக் கொண்டுவரச் சொல்லி, விளக்குக்குக் கீழே இருந்து மணிக்கணக்காகத் தைத்தார். நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, தலை நிமிராமலே, "நானும் ஓடப் பழகியிருப்பன். எங்கட காலத்திலை ஆர் விட்டது" என்றார். அதுவரைக்கும் அவர் என்னை மறிக்கத்தான் நிற்கிறார் என்று நினைத்திருந்தேன்.

சோழகம்:
நான் கோண்டாவில் அத்தை வீட்டில் தங்கிப் புங்குடுதீவு போனவன். கடல் நடுவே போகும் வாணர் தாம்போதி வீதியில் பக்கக் காற்று அடித்து, எதிரே வந்த பஸ்ஸுக்குக் கிட்டே என்னைத் தள்ளிவிட்டது. பஸ்ஸின் கண்ணாடி என் கைமுட்டியை உரசிப் போனது. இன்றைக்கும் அந்த இடத்தில் தோள் இறுகும்.

ஆகவே வரப்போகிறவர்களுக்கு. சோழகம் என்கிற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தீவுப் பக்கம் விடியவே போய்விடுங்கள், வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும். பின் சீட்டில் உயரமாகச் சாமான் கட்டாதீர்கள், காற்றுக்கு அதுதான் பாய். காரைநகரிலிருந்து ஊர்காவற்றுறைக்குப் போகும் "பாதை" என்கிற மிதவைப் படகில் மோட்டார் சைக்கிளையும் ஏற்றலாம், கடற்கோட்டையும் கண்ணுக்கு நேரே தெரியும். ஏறியதும் கியரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே நில்லுங்கள். தீவால் வந்த அன்றே செயினை நல்ல தண்ணீரால் கழுவி எண்ணெய் விடுங்கள், உப்பு ஓர் இரவும் பொறுக்காது. நல்லூர்த் திருவிழா ஆடி, ஆவணியில் 25 நாள். கோயிலைச் சுற்றிய வீதிகளை மூடிவிடுவார்கள். அந்தப் பக்கம் சொந்தக்காரர் வீடு என்றால் மோட்டார் சைக்கிளை எங்கே விடுவது என்று முதலே கேட்டு வையுங்கள். ஆண்கள் மேற்சட்டை கழற்றித்தான் உள்ளே போகலாம், ஜாக்கெட்டை வீட்டிலேயே விட்டுப் போங்கள். மணற்காடு என்ற ஊரில் மணலுக்குள் புதைந்த பழைய தேவாலயம் பார்க்கப் போனால், தார் முடிகிற இடத்தில் நிறுத்திவிட்டு நடவுங்கள்.

கிளச்கேபிள், உங்கள் மாமி செய்தது சரியான வேலை. களைத்த உடம்போடு ஏ9 இல் ஏறக்கூடாது. இரவில் மாடு குறுக்கே வரும்.

கல்வேலி:
சோழகம் அண்ணை, நெடுந்தீவை விட்டுவிட்டீர்கள். மோட்டார் சைக்கிளைக் குறிகட்டுவானில் விட்டுவிட்டுத்தான் படகேறினேன். குதிரைகளும் பெருக்கு (பாவோபாப்) மரமும் பார்க்கத்தான் போனேன். அம்மம்மாவின் தங்கை அங்கேதான் இருக்கிறார், அதுவரை நான் கண்டதில்லை. முருகைக்கல் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, படலையைத் திறக்காமலே, "நீ ஆரின்ரை மோன்? அம்மம்மா ஆர்?" என்று விசாரணை. பெயரைச் சொன்னேன். "அவள் என்ரை சங்கிலி ஒண்டு வாங்கினவள்" என்றார். அம்மம்மா செத்து வருடக்கணக்காகிறது. பிறகு படலையைத் திறந்து, பனங்கட்டியோடு தேநீர் தந்து, படகுக்கு நேரமாகும்வரை அந்தச் சங்கிலியின் கதையையே சொன்னார். கொழும்புக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன், அவர் பேச்சை மாற்றிவிட்டார்.