மினாங்கபாவ் கிராமத்தில் வீடும் வயலும் யாருக்கு? தோழியின் ஊருக்குச் செல்லும் முன் சில ஐயங்கள்

கேள்வி

வணக்கம். நான் மலேசியாவின் சிரம்பானில் பிறந்து வளர்ந்த ஆசிரியை. எருமைக் கொம்புபோல் இரு முனையும் உயர்ந்த கூரைகளை நெகிரி செம்பிலானில் சிறு வயது முதலே பார்த்திருக்கிறேன். அவை மேற்குச் சுமத்ராவிலிருந்து வந்து குடியேறிய மினாங்கபாவ் மக்கள் கொண்டுவந்தவை என்பதும், அவர்களிடையே நிலம் தாய்வழியில் இறங்குகிறது என்பதும் மட்டுமே எனக்குத் தெரியும்.

என்னுடன் பணியாற்றிய தோழி, மேற்குச் சுமத்ராவின் தானா டாத்தார் மாவட்டத்தில் உள்ள தன் கிராமத்தில் நோன்புப் பெருநாளையொட்டி மூன்று வாரம் தங்க அழைத்திருக்கிறாள். அங்கே இப்போது ஒரு மனத்தாங்கல். அவளுடைய அண்ணன் ஜகார்த்தாவில் துணி வணிகம் செய்கிறார். ஊரில் பழைய மரவீட்டுக்குப் பக்கத்தில், தாயார் வசிக்கும் நிலத்தில், தம் செலவில் கல்வீடு ஒன்று கட்டி முதுமையில் அங்கே திரும்பிவர விரும்புகிறார். தாய்மாமனோ, கட்டுவதில் தடையில்லை, ஆனால் அவருக்குப் பின் அது தங்கைகளுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும்தான் சேரும் என்கிறார். பணம் அண்ணனுடையதாக இருக்க, வீடு மட்டும் எப்படி அவர் பிள்ளைகளுக்கு இல்லாமல் போகும்? தோழி என் கருத்தைக் கேட்கிறாள். அறியாமல் எதையும் சொல்லிவிடக் கூடாது என்பதால் இங்கே கேட்கிறேன். பயணம் பற்றியும் சொன்னால் உதவியாக இருக்கும்.

முதல் பதில்

நெல் சாகுபடி தொடர்பான பணிக்காக நான்கு ஆண்டுகள் அந்த மாவட்டத்தில் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். ‘பெண்களே சொத்துக்காரர்கள், ஆண்களுக்கு ஒன்றுமில்லை’ என்று வெளியூரார் சொல்வது பாதி உண்மைதான். முன்னோர் விட்டுச்சென்ற நிலத்தை அவர்கள் புசாகோ திங்கி என்பார்கள். அது தனி ஆள் எவருக்கும் சொந்தமன்று. ஒரே பாட்டியின் வழிவந்த முழுக் கூட்டத்துக்கும் பொது. அதன் விளைச்சலை அனுபவிக்கும் உரிமை பெண்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் பிரித்துத் தரப்படுகிறது. அதைக் காத்து நிற்கும் பொறுப்பு மாமாக்கினுடையது. மாமாக் என்றதும் மலேசியாவில் உள்ள உங்களுக்கு உணவுக்கடை நினைவுக்கு வரும். அங்கே அது தாய்மாமன். சகோதரிகளின் சம்மதமில்லாமல் அவர் ஒரு வரப்பைக்கூடக் கைமாற்ற முடியாது. அவருடைய ஒப்புதல் இல்லாமல் அவர்களும் முடியாது.

இந்த நிலத்தை விற்பது வழக்காறன்று. அடகு வைக்கலாம், அதுவும் நான்கு காரணங்களுக்கு மட்டும்: வீட்டில் பிணம் கிடக்க அடக்கத்துக்கு வழியில்லை, வயது வந்த பெண்ணுக்கு மணம் முடிக்க வேண்டும், ரூமா கடாங் என்னும் பெரிய வீட்டின் கூரை ஒழுகுகிறது, அல்லது காலியாகக் கிடக்கும் குலத்தலைவர் பட்டத்துக்கு ஒருவரை அமர்த்த வேண்டும். அடகில் வட்டி கிடையாது. பணம் கொடுத்தவர் கடன் தீரும்வரை வயலை உழுது விளைச்சலை எடுத்துக்கொள்வார். ஏழு ஆண்டுகள் கடந்த அடகு நிலத்தைப் பணம் பெறாமலே திருப்பித் தர வேண்டும் என்று 1960-ஆம் ஆண்டின் இந்தோனேசியச் சட்டம் சொன்னாலும், தலைமுறை கடந்த அடகுகளை நான் அங்கே கண்டிருக்கிறேன். வாங்கிய பணத்தைத் தராமல் வயலைக் கேட்பது அவர்களுக்கு மானக்கேடு.

இனி அண்ணனின் வழக்கு. ஒருவர் தம் உழைப்பில் தேடியது வேறு வகை. அதைப் பன்சாரியான் என்பார்கள்; யாழ்ப்பாணத்தார் சொல்லும் தேடிய தேட்டத்துக்கு நெருங்கியது. 1952-இல் மேற்குச் சுமத்ராவின் புக்கிட்டிங்கி நகரில் மார்க்க அறிஞர்களும் வழக்காற்றுத் தலைவர்களும் கற்றறிந்தோரும் கூடி, முன்னோர் சொத்து வழக்காற்றின்படியும், தேடிய சொத்து இஸ்லாமிய வாரிசு முறைப்படியும் இறங்கும் என்று முடிவு செய்தனர். ஆகவே ஜகார்த்தாக் கடை அவர் பிள்ளைகளுக்குத்தான். சிக்கல், தேடிய பணத்தைப் பொது நிலத்தின் மேல் வைப்பதில் இருக்கிறது. சுவரைப் பெயர்த்துக்கொண்டு போக முடியாது. நிலம் எவருடையதோ வீடும் நாளடைவில் அவருடையதாகிவிடும். தாய்மாமன் இதை மறைக்காமல் முன்கூட்டியே சொன்னது நேர்மையான செயல் என்றே நான் கருதுகிறேன். தம் பிள்ளைகளுக்கு வீடு வேண்டுமென்றால் அண்ணன் அதே ஊரிலோ பக்கத்து ஊரிலோ விலைக்குக் கிடைக்கும் தனி நிலத்தை வாங்கிக் கட்டட்டும். தாய்க்கும் தங்கைகளுக்கும் நல்ல கூரை வேண்டுமென்றால் இங்கே கட்டட்டும். இரண்டும் மதிக்கத்தக்கவையே, ஆனால் எதைச் செய்கிறோம் என்று தெரிந்து செய்ய வேண்டும்.

இரண்டாம் பதில்

நாஞ்சில் நாட்டு வேளாளர் குடும்பத்தைச் சேர்ந்தவன் நான். எங்கள் முன்னோரும் மருமக்கள் வழியினர், அதாவது சொத்து சகோதரியின் பிள்ளைகளுக்கு இறங்கும் முறையினர். அங்கே காரணவர் என்னும் குடும்பத் தலைவர் வைத்ததே முடிவாக இருந்தது. பெற்ற பிள்ளைகளுக்கு உகந்துடைமை என்ற சிறு பங்குக்கு மேல் கிடையாது. வழக்குகளிலேயே குடும்பங்கள் அழிந்த கதைகளை என் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன். 1926-இல் திருவிதாங்கூரில் வந்த சட்டம் பாகப்பிரிவினைக்கு வழிவிட்டது. கேரளத்தில் கூட்டுக் குடும்ப முறையே 1976-இல் சட்டத்தால் முடிந்தது. இதே வழிமுறை மினாங்கபாவ் மக்களிடம் மட்டும் எப்படி இன்றுவரை நிலைத்திருக்கிறது?

முதல் பதிலை எழுதியவர்

நல்ல கேள்வி. அங்கும் எதிர்ப்பு இல்லாமலில்லை. மக்காவில் இமாமாக இருந்த அகமது கத்தீப் மினாங்கபாவ்வாசியே; தாய்வழி வாரிசு முறை மார்க்கத்துக்கு விரோதம் என்று அவர் கடுமையாக எழுதினார். எனினும் முறை உடையவில்லை. என் பார்வையில் முதன்மைக் காரணம், தேடிய சொத்தைப் பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுத்ததுதான். உங்கள் ஊரில் தகப்பன் மனம் குமுறிய இடத்தில் அங்கே ஒரு வாசல் திறந்தது. மற்றொன்று மரந்தாவ், அதாவது இளைஞர்கள் ஊரைவிட்டு வெளியேறிப் பொருள் தேடும் வழக்கம். முன்பெல்லாம் பையன்கள் சிறு வயதிலேயே தாய்வீட்டில் உறங்காமல் சூராவ் என்னும் தொழுகைக் கூடத்தில் உறங்குவார்கள். மணமான பின் மனைவி வீட்டுக்குப் போவார்கள். ஊரில் தமக்கென்று ஓர் அறை இல்லாதவர்கள் உலகத்தில் இடம் தேடினார்கள்.

குறைகளையும் சொல்ல வேண்டும். சகோதரிகளுக்குத் தெரியாமல் வயலை அடகு வைத்த மாமன்கள் உண்டு. ஆள் இல்லாமல் பூட்டிக் கிடந்து, ஒரு பக்கம் சாய்ந்துவரும் பெரிய வீடுகளைப் பார்த்து வருந்தியிருக்கிறேன். ஆனால் ஒன்றை மறக்க முடியாது. கணவனை இழந்தோ மணமுறிவு பெற்றோ நடுத்தெருவில் நின்ற பெண்ணை நான் அந்த ஊரில் பார்த்ததில்லை. அவளுக்குப் பிறந்த வீடு இருக்கிறது, உழவு செய்யச் சிறு வயலாவது இருக்கிறது.

மூன்றாம் பதில்

பயணத்தைப் பற்றி நான் சொல்கிறேன், பாடாங்கில் வசித்திருக்கிறேன். கோலாலம்பூரிலிருந்து பாடாங்குக்கு நேரடி விமானம் உண்டு. அங்கிருந்து மலைக்கு ஏறும் முதன்மைச் சாலை லெம்பா அனாய் அருவியை ஒட்டிச் செல்கிறது. 2024 மே 11 இரவு மராப்பி எரிமலையின் சாம்பலும் பாறைகளும் மழையோடு இறங்கியபோது அகாம், தானா டாத்தார் உள்ளிட்ட மாவட்டங்களில் 60-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இந்தச் சாலையும் அறுந்துபோயிற்று. மழைக்காலமானால் புறப்படும் முன் சாலை நிலையைக் கட்டாயம் விசாரியுங்கள். மாற்றுவழி சோலோக் வழியாகச் சிங்காராக் ஏரியை ஒட்டிப் போகும். அதில் சித்திஞ்சாவ் லாவிக் என்ற ஏற்றம் மிகச் செங்குத்தானது, பகலில் கடப்பதே நல்லது. பெருநாளுக்கு வெளியூரார் அனைவரும் கூட்டமாக ஊர் திரும்புவதால் மூன்று மணி நேரப் பயணம் ஒரு நாளாகலாம். வீட்டு வாசலிலேயே ஏற்றி இறக்கும் பகிர்வு வண்டியை அங்கே ‘ட்ராவல்’ என்பார்கள். அதில் முன்பே இடம் சொல்லிவையுங்கள்.

உணவு பற்றி ஒரு சொல். பெருநாள் ரெண்டாங் பெரும்பாலும் மாட்டிறைச்சி. நீங்கள் உண்ணாதவரானால் தோழியிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். பலாக்காய்க் குழம்பும் மீனும் முட்டையும் தருவார்கள், எவரும் மனம் நோகமாட்டார்கள். காப்பி இலையைக் காய்ச்சிச் சிரட்டையில் தரும் காவா டாவுனைத் தவறவிடாதீர்கள். அறுவடை முடிந்த சேற்று வயலில் நடக்கும் பாச்சு ஜாவி மாட்டோட்டம் உங்கள் நாட்களில் அமைந்தால் அதையும் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. தோழியிடம் நேற்று இரவு பேசினேன். தனி நிலம் வாங்கும் யோசனை அண்ணனுக்கும் ஏற்கனவே தோன்றியதாம். தாயார் இருக்கும்வரை அவர் கண்முன் வாழ வேண்டும் என்ற ஆசைதான் அவரைத் தடுத்திருக்கிறது. அண்ணி சோலோக்கைச் சேர்ந்தவர் என்றும், அவருடைய தாய்வீட்டு வயலில் பிள்ளைகளுக்கு உரிமை உண்டு என்றும் அவள் சொன்னபோதுதான், அந்தப் பிள்ளைகள் வெறுங்கையோடு நிற்பார்கள் என்ற என் எண்ணமே தவறு என்று புரிந்தது. பெருநாளுக்கு மூன்றாம் நாள் அனைவரும் தாய்மாமனோடு அமர்ந்து பேசப் போகிறார்கள். நான் அன்று குழந்தைகளோடு ஏரிக்கரைக்குப் போய்விடுவதாகச் சொல்லியிருக்கிறேன்.