ஒரே ரக மோட்டார், அண்ணன் தம்பிக்கு 0.6 விநாடி வித்தியாசம்: மோட்டாரா, ஓட்டுபவனா?

செந்தூல் அப்பா:
வணக்கம். மூத்தவனுக்கு 17 வயது, 64 கிலோ. இளையவனுக்கு 15 வயது, 55 கிலோ. இருவருக்கும் யமஹா வை15இசட்ஆர் மோட்டார் சைக்கிள், எஞ்சினில் கை வைக்கவில்லை. கோ-கார்ட் தடத்தில் பயிற்சி. இளையவன் சுற்றுக்கு 0.6 விநாடி வேகமாக வருகிறான். "அவன் மோட்டார்தான் நல்லா இழுக்குது" என்கிறான் பெரியவன். சாப்பாட்டு மேசையிலும் இதே சண்டை. கப் பிரிக்ஸ் என்ற மலேசிய மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் இறக்குவதற்குள் இதைத் தீர்க்க வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

ரவாங் ஸ்பேனர்:
மோட்டாரை மாற்றி ஓட்ட விடுங்கள் அண்ணே, ஆனால் முறையாக. முதலில் அவரவர் மோட்டாரில் 8 சுற்று, பிறகு மாற்றி 8, மாற்றியபடியே இன்னொரு 8, கடைசியில் மறுபடி சொந்த மோட்டாரில் 8. இப்படிச் செய்தால் வெயில் ஏறி தடம் சூடாவது இரண்டு மோட்டாருக்கும் சமமாகப் பங்காகும். முதல் 2 சுற்றைக் கழித்துவிட்டு மீதி 6இன் நடு நேரத்தை எடுங்கள். ஒரே ஒரு வேகமான சுற்றை வைத்து முடிவு கட்டாதீர்கள், சண்டையே அதில்தான் தொடங்கும். இருவரையும் ஒன்றாக இறக்கவும் கூடாது. பின்னால் வருகிறவன் முன்னவன் பிரேக் பிடிக்கும் இடத்தைப் பார்த்தே நேரத்தைக் குறைத்துவிடுவான்.

வித்தியாசம் ஆளோடு போனால் ஓட்டம்தான் காரணம். மோட்டாரோடு போனால் கழற்றிப் பார்க்கலாம்.

காற்றை இரண்டுக்கும் ஒரே கேஜால், டயர் குளிர்ந்திருக்கும்போது, நிழலில் பாருங்கள். வெயிலில் நின்ற டயர் அழுத்தம் கூடுதலாகக் காட்டும். எண்ணெய் நிலையப் பம்பில் ஒருநாள், கைப் பம்பில் ஒருநாள் என்றால் கணக்கு நிற்காது.

கிள்ளான் பிஸ்டன்:
மோட்டாரோடு போனால் இதைச் செய்யுங்கள். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது வால்வ் இடைவெளியை அளந்து பாருங்கள். பிறகு சூடாக்கி, பிளக்கைக் கழற்றி, இன்ஜெக்டர் வயரையும் பிடுங்கிவிட்டு, திராட்டிலை (கைப்பிடி முறுக்கை) முழுக்கத் திறந்து கம்பிரஷன், அதாவது சிலிண்டருக்குள் எழும் அழுத்தம், எவ்வளவு என்று கேஜில் பாருங்கள். கேஜ் முள் ஏறி நிற்கும்வரை எஞ்சினைச் சுற்ற வேண்டும். இரண்டு எஞ்சினுக்கும் 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால், குறைந்ததில் ஒரு தேக்கரண்டி எஞ்சின் எண்ணெய் ஊற்றி மறுபடி பாருங்கள். அழுத்தம் ஏறினால் கோளாறு பிஸ்டன் ரிங்கில், ஏறாவிட்டால் வால்வில். ஏர் பில்டரையும் சங்கிலி இறுக்கத்தையும் அதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். பாதிப் புகார் அங்கேயே முடியும்.

செந்தூல் அப்பா:
நன்றி. எடை 9 கிலோ வித்தியாசத்தை என்ன செய்வது? சின்னவன் மோட்டாரில் ஈயம் கட்டலாமா?

ரவாங் ஸ்பேனர்:
பயிற்சிக்கு வேண்டாம். மோட்டார் ஏறக்குறைய 117 கிலோ. ஆளோடு 172க்கு 181, அதாவது 5 சதவீதம். வளைவை விட்டு வெளியேறி இழுக்கும்போது பெரியவனுக்கு இது உண்மையான நஷ்டம், அவன் சொல்வதில் அந்த அளவு நியாயம் இருக்கிறது. பின் ஸ்ப்ராக்கெட் (சங்கிலி ஓடும் பல்சக்கரம்) 42 பல் என்றால் 43 போடுங்கள், 2.4 சதவீதம் இழுவை கூடும். நேர்ச்சாலை முடிவில் எஞ்சின் சீக்கிரம் உச்சச் சுழற்சிக்குப் போகும். கோ-கார்ட் தடத்தில் பாதகமில்லை, சிப்பாங் பந்தயத் தளத்தின் பெரிய தடத்தில் திரும்ப 42. எடைச் சமன் என்பது போட்டி விதியின் வேலை. மோட்டோ3 என்ற உலகப் பந்தயப் பிரிவில் ஆளும் மோட்டாரும் சேர்ந்து குறைந்தது 152 கிலோ என்று வைத்திருப்பது இதற்காகத்தான்.

பிரிக்பீல்ட்ஸ் லேப்டைமர்:
பையன்களுக்கு 2025 மார்ச்சில் தாய்லாந்தின் புரிராமில் நடந்த மோட்டோஜிபி பந்தயத்தைப் போட்டுக் காட்டுங்கள். மார்க் மார்க்கேஸ் 7ஆம் சுற்றில் தம்பி அலெக்ஸை முன்னே விட்டது பாசத்தால் அல்ல. முன் டயர் அழுத்தம் விதி கேட்கும் 1.8 பாருக்குக் கீழே போயிருந்தது. தம்பியின் பின்னால் சூடான காற்றில் ஓட்டி அதை ஏற்றிக்கொண்டு, 3 சுற்று மிச்சமிருக்கும்போது முந்தி வென்றார். தம்பி இரண்டாவது. இருவருக்கும் ஒரே கம்பெனி டுகாட்டி, ஆனால் அணி வேறு, மெக்கானிக்கும் வேறு. வீட்டிலும் அப்படியே பிரியுங்கள்: ஆளுக்கொரு நேரத்தாள், ஆளுக்கொரு கருவிப்பெட்டி. ஒருவன் தாளில் மற்றவன் நேரம் வேண்டாம், அவனுடைய போன வார நேரம் இருக்கட்டும். பயிற்சியில் நேர்ச்சாலையில் மட்டும் முந்தலாம். பிரேக் பிடித்த பிறகு வளைவின் உள்பக்கம் சக்கரத்தை நுழைத்தால் நுழைத்தவன் அன்றைக்கு மோட்டாரை விட்டு இறங்கிவிட வேண்டும், மூத்தவனானாலும் சரி.