தாத்தாவின் ஊர் "புதூர்" – எந்தப் புதூர்? மே மாதம் சொந்தங்கள் கூடுகிறோம், அவசர உதவி

கூடலூர்_பேரன்:
எல்லாருக்கும் வணக்கம். மே மாதம் எங்கள் குடும்பம் மொத்தமும் ஒன்றுகூட ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறோம். இந்த வாரம் மண்டபத்துக்கு முன்பணம் கட்ட வேண்டும், ஆனால் சொந்த ஊர் எது என்றே தெரியவில்லை. தாத்தாவின் பழைய பாஸ்போர்ட்டில் "புதூர், திருச்சி" என்று இருக்கிறது. மேப்பில் தேடினால் எங்கே பார்த்தாலும் புதூர். குலதெய்வம் சிறுவாச்சூர் என்று பாட்டி சொல்லுவார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பொங்கல், மதியம் சாப்பாடு, அப்புறம் எல்லாரும் தாத்தா பிறந்த ஊரைப் போய்ப் பார்ப்பது என்று திட்டம். வம்சாவளியையும் பெரிய பிளக்ஸாகப் போட வேண்டும். தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

துறையூர்_செல்வி:
தம்பி, என்ன பாஸ்போர்ட், எந்த வருஷம், எங்கே கொடுத்தது? தாத்தா எந்த நாட்டில் இருந்தார்? சிலோனா, மலேயாவா, பர்மாவா? எத்தனை பேர் வருகிறீர்கள்? எதுவுமே சொல்லாமல் புதூரைக் கேட்டால் நாங்கள் எங்கே போய்த் தேடுவது.

மரபணு_தேடல்:
டிஎன்ஏ பரிசோதனை செய்யுங்கள். எச்சிலைக் குழாயில் எடுத்து அனுப்பினால் போதும், எந்தக் காலத்துச் சொந்தமும் வெளியே வந்துவிடும்.

அட்டன்_லயம்:
கூடலூர் என்று பெயர் வைத்திருப்பதைப் பார்த்தால் சிலோனிலிருந்து தாயகம் திரும்பி நீலகிரியில் குடியேறிய குடும்பம் என்று நினைக்கிறேன். சரிதானா? எந்தத் தோட்டம்? தேயிலைத் தோட்டத்தின் பெயரும், ஆள் சேர்த்து வேலை வாங்கிய கங்காணியின் பெயரும் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. அந்தக் காலத்தில் பெரிய கங்காணிமார் ஆள் கட்டியது பெரும்பாலும் தங்கள் ஊரிலும் சொந்தத்திலும் சுற்றுவட்டாரத்திலும்தான். ஒரே லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருந்தவர்கள் பலரும் ஒரே ஊர்க்காரர்களாக இருப்பார்கள். உங்கள் தாத்தாவின் பழைய தோட்டத்தில் இன்னும் இருக்கிற கிழவர்களைக் கேளுங்கள், ஊர்ப் பெயரைச் சொல்லிவிடுவார்கள்.

ஆவணக்களஞ்சியம்:
இந்தக் கேள்விக்கு ஏற்கெனவே பல தடவை விளக்கமாக எழுதிவிட்டேன். தேடிப் படிக்க யாருக்கும் பொறுமை இல்லை. அடிப்படையிலிருந்து சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பாஸ்போர்ட்டில் இருக்கிற "திருச்சி" இன்றைய திருச்சி மாவட்டம் அல்ல. பெரம்பலூரும் கரூரும் 1995-ல்தான் திருச்சியிலிருந்து பிரிந்தன. அரியலூர் அதற்கும் பிறகு. புதுக்கோட்டை சமஸ்தானம் 1948-ல் திருச்சியோடு சேர்க்கப்பட்டு 1974-ல் தனி மாவட்டமானது. ஆக நீங்கள் தேட வேண்டிய பரப்பு நீங்கள் நினைப்பதைவிடப் பல மடங்கு. தாலுகா இல்லாமல் ஊர் தேடுவது வீண் வேலை. தாலுகா தெரிந்ததும் கிராம நிர்வாக அலுவலரிடம் போய் பழைய நிலப் பதிவேடுகளான அ-பதிவேட்டையும் செட்டில்மெண்ட் பதிவேட்டையும் பாருங்கள். பூட்டன் பெயர் பட்டாவில் இருக்கும்.

அட்டன்_லயம்:
பட்டா இருந்தால் ஏன் ஐயா கப்பலேறப் போகிறார்கள்? நிலமில்லாமல், கடனில், பஞ்சத்தில் போனவர்கள்தான் அதிகம். ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊர் முகாமில் அடைபட்டு, துண்டுச் சீட்டு வாங்கி, தலைமன்னாரில் இறங்கி மலையேறியவர்களைப் பட்டாப் பதிவேட்டில் தேடச் சொன்னால் மனம் கொதிக்கிறது.

கூடலூர்_பேரன்:
மன்னிக்கவும், வேலையில் இருக்கிறேன். ஆமாம், சிலோன்தான். சாஸ்திரி ஒப்பந்தத்தில் 70-களில் வந்தார்கள். இப்போது பாதிப் பேர் கூடலூர், கோத்தகிரி. தாத்தாவின் தம்பி குடும்பம் அங்கேயே இருக்கிறது, நுவரெலியா பக்கம். அவர்களும் வருகிறார்கள்.

துறையூர்_செல்வி:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். எங்கள் வீட்டிலும் இதே கதை. 1964 அக்டோபரில் போட்ட அந்த ஒப்பந்தத்தில், சிலோனில் குடியுரிமை இல்லாமல் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது என்று பங்கு பிரித்தார்கள். அண்ணன் ஒரு கரை, தம்பி ஒரு கரை என்று ஆன குடும்பங்கள் ஏராளம். உங்களுடையதும் அப்படித்தான் தெரிகிறது. அதனால் இந்தக் கூடுகை நல்லபடியாக நடக்க வேண்டும் என்று எனக்கே ஆசையாக இருக்கிறது.

முதலில் பாஸ்போர்ட்டின் எல்லாப் பக்கத்தையும் பாருங்கள். அதோடு ஒரு குடும்ப அட்டை கொடுத்திருப்பார்கள், அது பெட்டியில் கிடக்கும். அதில் பூர்வீக ஊரும் குடியேறப் போகும் இடமும் வேறு வேறாக இருக்கலாம், குழப்பிக்கொள்ளாதீர்கள். தபால் நிலையம் என்று ஏதாவது இருக்கிறதா? குக்கிராமத்துக்குப் புதூர் என்று பேர் இருந்தாலும் தபால் பெரிய ஊர் பெயரில்தான் வரும்.

இரண்டாவது, மொய் நோட்டு. வீட்டில் நடந்த பழைய கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றின் மொய் நோட்டையும் எடுங்கள். ஊர், பேர், தொகை என்று வரிசையாக இருக்கும். சிலோனிலிருந்து வந்த புதிதில் பூர்வீக ஊர்ப் பங்காளிகள் கட்டாயம் வந்து மொய் செய்திருப்பார்கள். எங்களுக்கு ஊர் கிடைத்தது அதில்தான்.

மலைக்காட்டுவாசி:
ஒரு முக்கியமான விஷயத்தை யாரும் சொல்லவில்லை. சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் சாதாரணமாகத் திங்கள், வெள்ளி மட்டும்தான் திறந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனால் பூட்டிய கதவைத்தான் பார்ப்பீர்கள். முன்பணம் கட்டுவதற்கு முன் கோயிலில் கேட்டுவிட்டுத் தேதியை மாற்றுங்கள்.

அட்டன்_லயம்:
இங்கே இலங்கையிலிருந்து வருகிறவர்களுக்கு விசா வேலையை இப்போதே தொடங்கச் சொல்லுங்கள். மே மாதம் இங்கே வெசாக் என்ற பௌத்தப் பண்டிகை விடுமுறை இரண்டு நாள் வரும், அதை ஒட்டித் தேதி வைத்தால் லீவு எடுப்பது சுலபம். நாகப்பட்டினம் – காங்கேசன்துறைக் கப்பல் 2023-ல் தொடங்கியது, ஆனால் மலைநாட்டிலிருந்து காங்கேசன்துறை வரை போவதே பெரிய பயணம், வயசானவர்களால் முடியாது. கொழும்பிலிருந்து திருச்சிக்கு நேரடி விமானம் இருக்கிறது. திருச்சியிலிருந்து சிறுவாச்சூர் ஒரு மணி நேரம்தான்.

மரபணு_தேடல்:
டிஎன்ஏ பற்றி யாரும் பேசவில்லையே?

துறையூர்_செல்வி:
அண்ணா, எச்சில் கொடுத்தால் ஊர்ப் பெயர் வராது. அதே நிறுவனத்தில் சொந்தக்காரர் யாராவது ஏற்கெனவே கொடுத்திருந்தால் "இவர் உங்களுக்கு உறவு" என்று காட்டும், அவ்வளவுதான். அரும்பாடுபட்டு உழைக்கிற நம் கிராமத்துப் பங்காளி எவர் அதைச் செய்திருக்கப் போகிறார்?

ஆவணக்களஞ்சியம்:
வம்சாவளிப் பிளக்ஸ் பற்றியும் ஒன்று. ஆண் வழியை மட்டும் போடுங்கள். குலதெய்வம் என்பது பங்காளி வகையறா. பெண்ணைக் கட்டிக்கொடுத்தால் அவள் வேறு குலதெய்வம். தலைக்கட்டு வரி வாங்குவதும் ஆண்களிடம்தான். எல்லாரையும் சேர்த்தால் படம் புரியாது.

கோத்தகிரி_அக்கா:
கோயிலில் யாருக்கு மாலை, யாரிடம் வரி என்பது கோயில் வழக்கம், அதில் நான் தலையிடவில்லை. குடும்பப் படத்தில் ஏன் பெண் பெயர் இருக்கக் கூடாது? தோட்டத்தில் கொழுந்து பறித்துக் குடும்பத்தைக் காப்பாற்றியவர்கள் எங்கள் ஆயாக்கள். அவர்கள் பெயரை விட்டுவிட்டு யாருடைய வரலாற்றை மாட்டப் போகிறீர்கள்?

ஆவணக்களஞ்சியம்:
உணர்ச்சிவசப்படாதீர்கள். முறை என்று ஒன்று இருக்கிறது.

துறையூர்_செல்வி:
முறையைப் பார்த்தாலும் பெண் வழி வேண்டும். மாமன் மச்சான் யார், யாருக்கு யார் கட்டிக்கொள்ளும் முறை என்று தெரிவதே பெண் வழியால்தான். அதோடு கடல் தாண்டிய குடும்பத்தில் ஊர்த் தொடர்பு அத்தைகள் வழியாகத்தான் மிஞ்சியிருக்கும், அவர்கள்தான் கடிதம் போட்டுக்கொண்டே இருந்தார்கள். தம்பி, பிளக்ஸ் அடிக்காதீர்கள். சார்ட் பேப்பரில் பென்சிலால் எழுதி மண்டபத்தில் ஒட்டுங்கள், பக்கத்தில் பேனா வையுங்கள். வருகிறவர்களே திருத்துவார்கள், விட்டுப்போனவர்களைச் சேர்ப்பார்கள். பெரியவர்கள் பேசுவதைப் போனில் பதிவு செய்யுங்கள்.

கோத்தகிரி_அக்கா:
ஒவ்வொரு பெயருக்கும் கீழே பிறந்த தோட்டத்தின் பெயரையும் எழுதுங்கள். எங்கள் பிள்ளைகளுக்கு அதுவும் பூர்வீகம்தான்.

மலைக்காட்டுவாசி:
கேட்டவர் எங்கே போனார்? தபால் நிலையம் பார்த்தாரா?

கூடலூர்_பேரன்:
பார்த்தேன். பின் பக்கத்தில் "தபால் அரும்பாவூர், பெரம்பலூர் தாலுகா" என்று மங்கலாக இருக்கிறது. பெரியம்மா வீட்டு மொய் நோட்டிலும் அரும்பாவூர் என்று இரண்டு பேர் இருக்கிறார்கள். தேதியை வெள்ளிக்கிழமைக்கு மாற்றிவிட்டோம். இந்தச் சனிக்கிழமை அரும்பாவூருக்கு நேரில் போகிறேன். எல்லாருக்கும் நன்றி.

ஆவணக்களஞ்சியம்:
அரும்பாவூர் இப்போது வேப்பந்தட்டை தாலுகா. பெரம்பலூர் தாலுகா அலுவலகத்தில் போய் நிற்க வேண்டாம்.

துறையூர்_செல்வி:
மரச்சிற்பம் செய்கிற ஊர் அது, 2020-ல் புவிசார் குறியீடுகூடக் கிடைத்தது. பட்டறைகளில் வயசானவர்கள் உட்கார்ந்திருப்பார்கள், அவர்களிடம் பூட்டன் பெயரையும் "சிலோன் போன வீடு" என்றும் சொல்லிக் கேளுங்கள். மொய் நோட்டில் இருக்கிற அந்த இரண்டு பேரின் பெயரையும் எழுதி எடுத்துப் போங்கள். போய் வந்து இங்கே சொல்ல மறக்காதீர்கள்.

அட்டன்_லயம்:
தோட்டத்தின் பெயரை இன்னும் சொல்லவே இல்லையே தம்பி?