மறு: பொலிட்பீரோவுக்குள் இருக்கும் ‘ஸ்டாண்டிங் கமிட்டி’ – தமிழில்? (வெள்ளிக்குள் வேண்டும்)

தேன்மொழி:

அனைவருக்கும் வணக்கம்.

இளங்கலை அரசியல் அறிவியல் பாடநூலில் சீன ஆட்சிமுறை பற்றிய இயலை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை பக்க வடிவமைப்புக்குப் போக வேண்டும். இயல் முழுக்க ஓடிவிட்டது, ஒரே ஒரு வாக்கியம்தான் படுத்துகிறது. சீனக் கம்யூனிஸ்ட் கட்சியின் அமைப்புவிதி சொல்வதன் சாரம் இது: மத்தியக் குழுவின் முழுக்கூட்டம் பொலிட்பீரோவையும், அதன் ஸ்டாண்டிங் கமிட்டியையும், பொதுச்செயலாளரையும் தேர்ந்தெடுக்கும். பொதுச்செயலாளர் அந்த ஸ்டாண்டிங் கமிட்டியில் உள்ள ஒருவராகவே இருக்க வேண்டும்.

இருக்கிற சொற்களை வைத்து எழுதினால், “மத்தியக் குழு, அரசியல் தலைமைக்குழுவையும் அரசியல் தலைமைக்குழுவின் நிலைக்குழுவையும்...” என்று போகிறது. ஒரே வரியில் நான்கு குழு. எது எதற்குள் இருக்கிறது என்று மாணவர் தலையைச் சொறிய வேண்டியதுதான்.

பக்கத்தில் ஒரு வரைபடமும் உண்டு. 2022 அக்டோபரில் கூடிய 20-ஆவது மாநாட்டின் கணக்குப்படி மேலிருந்து கீழே: மாநாட்டுப் பேராளர் ஏறத்தாழ 2,300, மத்தியக் குழுவில் முழு உறுப்பினர் 205, மாற்று உறுப்பினர் 171, பொலிட்பீரோ 24, ஸ்டாண்டிங் கமிட்டி 7. கடைசிப் பெட்டியில் இரண்டு சொல்லுக்கு மேல் இடமில்லை. ஆகவே இரண்டு சொல் தேவை. பொலிட்பீரோவுக்கு ஒன்று, ஸ்டாண்டிங் கமிட்டிக்கு ஒன்று.

கதிரேசன்:

முதலாவதில் விவாதிக்க ஒன்றுமில்லை. ‘அரசியல் தலைமைக்குழு’. 2025 ஏப்ரலில் மதுரையில் நடந்த மார்க்சிஸ்ட் கட்சியின் 24-ஆவது அகில இந்திய மாநாட்டில் 18 பேர் கொண்ட அரசியல் தலைமைக்குழு தேர்வானது. கட்சிக்காரர்கள் எழுதுவதும் பேசுவதும் இப்படித்தான். நாளிதழ்கள் மட்டும் பொலிட்பீரோ என்கின்றன. இரண்டாவதற்கு நிலைக்குழு. நாடாளுமன்ற நிலைக்குழு என்று எல்லாருக்கும் பழகிய சொல். போட்டுவிட்டு அடுத்த இயலுக்குப் போங்கள்.

புலவர் அறவாழி:

அன்பர்களே, அவ்வளவு எளிதில் போய்விட வேண்டாம்.

பீரோ என்றால் நம் வீடுகளில் துணி அடுக்கும் இரும்புப் பெட்டி. பிரெஞ்சுக்காரனுக்கு அது முதலில் முரட்டுக் கம்பளித் துணி. பிறகு அத்துணி விரித்த மேசை. பிறகு மேசை கிடக்கும் அறை. பிறகு அவ்வறையில் அமர்ந்திருக்கும் அலுவலர் கூட்டம். நமக்கு வந்து சேர்ந்தது மரச்சாமான் மட்டும். ஆகவே ஒலிபெயர்ப்பு கூடவே கூடாது.

தமிழில் இதற்கு முன்மாதிரி இருக்கிறது. சிலப்பதிகாரத்து இந்திரவிழவூரெடுத்த காதையில் “ஐம்பெருங் குழுவும் எண்பே ராயமும்” என வருகிறதே, அதில் அளவுநுட்பம் கவனிக்கத்தக்கது. அமைச்சர், புரோகிதர், சேனாபதியர், தூதர், சாரணர் என நெருங்கியவர் ‘குழு’. கரணத்தியலவர் முதல் இவுளி மறவர் வரை விரிந்தது ‘ஆயம்’. சீனத்து அடுக்கை இதே நெறியில் வைக்கலாம். 205 பேர் கொண்டது நடுவண் பேராயம். 24 பேர் கொண்டது அரசியற்குழு. (அரசியல்குழு அன்று, வேற்றுமைப் புணர்ச்சியில் லகரம் றகரமாகும்.) எழுவர் கொண்டது ‘எழுபெருங்குழு’. ஒரே சொல், பெட்டியிலும் அடங்கும்.

‘மத்திய’ என்ற வடசொல்லை நடுவண் ஆக்கியதையும் கவனிக்க.

சுதாகர்:

எழுபெருங்குழு காதுக்கு இனிமை. ஆனால் எண் நிற்காது. 1956-இல் எட்டாவது மாநாட்டுக்குப் பிறகு அதில் ஆறு பேர்: மாவோ, லியு ஷாவோசி, சோ என்லாய், சூ தே, சென் யுன், தெங் சியாவோபிங். 1987-இல் ஐந்து பேர். 2002 முதல் 2012 வரை ஒன்பது. அதன்பின் ஏழு. அடுத்த மாநாட்டில் எண் மாறினால் பாடநூலில் பெயரையே மாற்ற வேண்டிவரும்.

பேராயமும் ஆகாது. காங்கிரஸ் கட்சியைப் பேராயக் கட்சி என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் மத்தியக் குழுவுக்குப் பேராயம் போட்டால், அதைத் தேர்ந்தெடுக்கும் காங்கிரஸுக்கு, அதாவது மாநாட்டுக்கு, என்ன போடுவீர்கள்?

கதிரேசன் அண்ணனின் நிலைக்குழுவில் உள்ள கோளாறு வேறு. சீனாவில் நிலைக்குழு ஒன்றல்ல. அவர்களுடைய நாடாளுமன்றமான தேசிய மக்கள் பேரவைக்கு ஏறத்தாழ 3,000 உறுப்பினர். அது ஆண்டுக்கு ஒருமுறைதான் கூடுகிறது. இடையில் சட்டம் இயற்ற அதற்கு 170-க்கு மேற்பட்டோர் கொண்ட நிலைக்குழு உண்டு. வழக்கமாக இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அமரும். ஆலோசனை சொல்லும் அமைப்பான அரசியல் கலந்தாய்வு மாநாட்டுக்கும் நிலைக்குழு. ஒவ்வொரு மாகாணக் கட்சிக் குழுவுக்கும் நிலைக்குழு. கட்சி மாநாட்டை நடத்தும் தலைமைக்குழு இருக்கிறதே, அதற்கும் ஒரு நிலைக்குழு!

இதில் ஜாவ் லெஜியைப் பாருங்கள். கட்சியின் ஏழு பேரில் ஒருவர். 2023 மார்ச் முதல் மக்கள் பேரவை நிலைக்குழுவின் தலைவர். “நிலைக்குழுத் தலைவர் ஜாவ் லெஜி” என்று செய்தி வந்தால், கட்சி நிலைக்குழுவுக்கு அவர்தான் தலைவர் என்று வாசகர் புரிந்துகொள்வார். கட்சி நிலைக்குழுவில் தலைவர் என்ற பதவியே இல்லை. அங்கே முதலிடம் பொதுச்செயலாளர் ஷி ஜின்பிங்குக்கு.

நளீம்:

மட்டக்களப்பிலிருந்து ஒரு சொல். இங்கே கட்சிகளின் மேல்மட்ட அமைப்பை ‘உயர்பீடம்’ என்பது பத்திரிகை வழக்கு. முஸ்லிம் காங்கிரஸ் கூடினால் “உயர்பீடம் கூடியது” என்றே எழுதுவார்கள். ‘அரசியல் உயர்பீடம்’ என்றால் சீனக் கம்யூனிஸ்ட் கட்சிக்கும் பொருந்தும், குழு என்ற சொல்லும் ஒருதரம் குறையும். தேன்மொழி அக்காவின் வாக்கியத்திலும் இடறாது.

கதிரேசன்:

பீடத்தில் யார் உட்காருவார் என்று தமிழ்நாட்டு மாணவரைக் கேட்டுப் பாருங்கள். மடாதிபதி என்பார். நாத்திகக் கட்சிக்குப் பீடமா!

சுதாகர்:

எனக்கு ‘உயர்’, ‘உச்ச’ இரண்டின் மேலும் ஐயம். தெங் சியாவோபிங் 1987-இல் 13-ஆவது மாநாட்டோடு அந்தக் குழுவிலிருந்து விலகிவிட்டார். இராணுவ ஆணையத் தலைமை மட்டும் 1989 வரை அவர் கையில் இருந்தது. ஆனால் பெரிய முடிவுகள் அவரைத் தாண்டிப் போகவில்லை. அந்த ஆண்டுகளைப் பற்றிய பத்தியில் “உச்சக்குழுவில் இல்லாத தெங்” என்று எழுதினால் பாடமே தடம்புரளும். பெயரில் அதிகாரத்தைத் திணிக்காமல், அந்த அமைப்பு என்ன வேலைக்காக வந்தது என்று பார்க்கலாம்.

வேலை மிகத் தெளிவு. 24 பேரும் பெய்ஜிங்கில் இருப்பவர்கள் அல்லர். ஷாங்காய், குவாங்டாங், சோங்சிங் போன்ற இடங்களின் கட்சிச் செயலாளர்களும் அதில் உண்டு. அவர்களை வாராவாரம் இழுத்துவர முடியாது. பொலிட்பீரோ ஏறக்குறைய மாதம் ஒருமுறை கூடும். அரசுச் செய்தி நிறுவனமான சின்ஹுவா அதை அறிவிக்கும். தலைநகரில் இருக்கும் ஏழு பேர் வழக்கமாக வாரம் ஒருமுறை கூடுகிறார்கள், பெரும்பாலும் அறிவிப்பு வராது. சீனப் பெயரில் உள்ள ‘சாங்வு’வும் இதையே சொல்கிறது: சாங் என்றால் வழக்கமாக, இடைவிடாமல், வு என்றால் அலுவல். நிற்பது, நிலைப்பது எல்லாம் ஆங்கிலம் வழியாக நமக்கு வந்தவை.

வட கொரியாவில் இதே ஐந்து சீன எழுத்துச் சொல்லைக் கொரிய ஒலிப்பில் வைத்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் அது பிரசீடியம் ஆகிவிடுகிறது. ஒரே சொல்லுக்கு ஆங்கிலக்காரனே இரண்டு பெயர் வைத்திருக்கும்போது நாம் அவனைப் பின்தொடர வேண்டியதில்லை.

புலவர் அறவாழி:

அலுவல் வழக்கமாக நடப்பது என்றால் சொல் கையிலேயே இருக்கிறது. ‘நாளவை’. புறநானூற்றில் வரும் “நாண்மகிழ் இருக்கை” அரசன் நாள்தோறும் வீற்றிருக்கும் அவைதானே.

கதிரேசன்:

புலவர் ஐயா, அந்த இருக்கையில் பாணர் சூழ்ந்திருப்பார்கள்; மகிழ் என்றால் கள்ளும் உண்டு. பெய்ஜிங்கில் சீனத் தலைமை இயங்கும் ஜோங்னான்ஹாய் வளாகக் கூட்டத்துக்கு இது தகுமா?

புலவர் அறவாழி:

மகிழை நீக்கிவிட்டுத்தானே நாளவை என்றேன். அதுவும் வேண்டாமெனில் ‘வாரியம்’ இருக்கிறது. உத்தரமேரூர்க் கல்வெட்டில் ஏரி வாரியத்துக்கு 6 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஆட்சிக்காலம் 360 நாள். பராந்தகச் சோழன் காலத்து இரண்டாம் ஏற்பாட்டில் 35 வயதுக்கு மேல், 70 வயதுக்குள் என்று வரம்பு. சீனர் நேற்று வகுத்ததை நாம் கல்லிலே வெட்டி வைத்தோம்.

சுதாகர்:

சீனத்தில் அப்படி எழுதிய விதி இல்லை ஐயா. மாநாட்டின்போது 67 என்றால் இருக்கலாம், 68 என்றால் விலக வேண்டும் என்பது எழுதாத வழக்கம். ஷி ஜின்பிங் 2022-இல் 69 வயதில் தொடர்ந்தார். உத்தரமேரூரில் அவருக்கு இடம் கிடைத்திருக்கும், ஆனால் மூன்றாம் முறை கிடைத்திருக்காது. ஒருமுறை இருந்தவர் மூன்றாண்டு இடைவெளி விட வேண்டுமே.

வாரியம் இன்று மின்சாரத்துக்கும் வீட்டுவசதிக்கும் போய்விட்டது. அதைத் திருப்பி வாங்க முடியாது.

தேன்மொழி:

ஐயா, சுதாகர், இன்று புதன். இதுவரை வந்ததை வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன். சொல் தனியாக நின்றால் அழகாகத்தான் இருக்கிறது, ‘-இன்’, ‘உறுப்பினர்’, ‘முன்னாள்’ மூன்றும் ஒட்டும்போதுதான் குட்டு வெளிப்படுகிறது.

“முன்னாள் அரசியல் தலைமைக்குழு நிலைக்குழு உறுப்பினர்”: ‘முன்னாள்’ எதைத் தழுவுகிறது? குழுவையா, உறுப்பினரையா?

“அரசியல் உயர்பீட நிலைக்குழு”: பரவாயில்லை. ஆனால் பாடநூலின் இந்திய இயலில் அரசியல் தலைமைக்குழு என்று ஏற்கெனவே வந்திருக்கிறது. ஒரே நூலில் இரண்டு பெயர் முடியாது.

“அரசியற்குழு நாளவை”: மாணவர் நாளவையைத் தினசரி நடக்கும் கூட்டம் என்று எடுத்துக்கொள்வார். கூட்டம் வேறு, அமைப்பு வேறு.

“செயற்குழு” என்று ஒருவர் தனிமடலில் சொன்னார். கதிரேசன் அண்ணா, அது சரிவருமா?

கதிரேசன்:

வரவே வராது. மார்க்சிஸ்ட் கட்சி வழக்கில் செயற்குழு என்பது செக்ரடேரியட். சீனக் கட்சியிலும் அது தனியாக இருக்கிறது. பொலிட்பீரோவுக்கும் நிலைக்குழுவுக்கும் அலுவல் பார்ப்பது அதன் வேலை. அதன் உறுப்பினர்களை நிலைக்குழு முன்மொழியும், மத்தியக் குழு முழுக்கூட்டம் ஏற்கும். செயற்குழுவை மேலே தூக்கி வைத்தால் கீழே காலியிடம் விழும்.

நளீம்:

சோவியத்திலும் இதே குழப்பம் இருந்ததே. 1919-இல் எட்டாவது மாநாடு ஐந்து பேரை வைத்து நிலையான பொலிட்பீரோவை அமைத்தது: லெனின், ட்ரொட்ஸ்கி, ஸ்டாலின், காமனெவ், கிரெஸ்டின்ஸ்கி. 1952-இல் பெயரைப் பிரசீடியம் என்று மாற்றினார்கள். அவர்களுடைய நாடாளுமன்றமான உயர் சோவியத்துக்கு ஏற்கெனவே ஒரு பிரசீடியம். 1966-இல் பழைய பெயருக்கே திரும்பிவிட்டார்கள். அதற்குள் கதிரேசன் அவர்களின் ‘தலைமைக்குழு’ என்ன ஆகிறது பாருங்கள். மாநாட்டை நடத்தும் பிரசீடியத்துக்கும் உங்கள் தோழர்கள் தலைமைக்குழு என்றுதானே சொல்கிறார்கள்?

கதிரேசன்:

ஆமாம், சொல்கிறார்கள். ஆனால் அது ‘மாநாட்டுத் தலைமைக்குழு’. சில நாள் இருந்துவிட்டுக் கலையும். இது ‘அரசியல்’ என்ற முன்னொட்டோடு நிற்கும். முன்னொட்டை விடாமல் எழுதினால் குழப்பமில்லை.

சுதாகர்:

முன்னொட்டை விடாமல் எழுதினால் பெட்டியில் அடங்காது என்பதில்தானே இந்த இழையே தொடங்கியது!

என் கடைசி முயற்சி: ‘உறைகுழு’. தலைநகரிலேயே உறைபவர் குழு. வினைத்தொகை, ஆகவே ககரம் மிகாது.

புலவர் அறவாழி:

இலக்கணம் சரி. பொருள் பனிக்கட்டி. மறுக்கிறேன்.

தேன்மொழி:

வியாழன் இரவு. கடிதங்களை எண்ணிப் பார்த்தேன். முதல் சொல்லுக்கு அரசியல் தலைமைக்குழுவை ஏற்பவர் ஐவர், உயர்பீடத்துக்கு இருவர், அரசியற்குழுவுக்குப் புலவர் ஐயா. இரண்டாவதற்கு யாருக்கும் முழு நிறைவில்லை. நிலைக்குழுவை “வேறு வழியில்லை” என்று ஏற்பவர்களே பெரும்பான்மை. அச்சுக்கு இப்படி அனுப்புகிறேன்:

முதன்முறை வரும் இடத்தில் “அரசியல் தலைமைக்குழுவின் நிலைக்குழு”. அதன்பின் இயல் முழுவதும் “கட்சி நிலைக்குழு”. மக்கள் பேரவையினுடையது எப்போதும் “பேரவை நிலைக்குழு”. அடைமொழி இல்லாமல் நிலைக்குழு என்ற சொல் எங்கும் வராது. வரைபடக் கடைசிப் பெட்டியில் “கட்சி நிலைக்குழு (7)”. முன்னாள் வரும் இடங்களில் “கட்சி நிலைக்குழுவில் முன்பு இருந்த” என்று பிரித்தெழுதுகிறேன். அமைப்புவிதி வாக்கியத்தை மூன்றாக உடைத்துவிட்டேன். நீளம் கூடியது, குழு குறைந்தது.

சுதாகர்:

“கட்சி நிலைக்குழு” மாகாணக் கட்சிகளுக்கும் பொருந்துமே. ஷாங்காய் கட்சி நிலைக்குழு என்று வந்தால்?

தேன்மொழி:

இந்த இயலில் மாகாணம் ஒரே இடத்தில்தான் வருகிறது. அங்கே “ஷாங்காய்க் கட்சிக் குழுவின்” என்று சேர்த்துவிட்டேன்.

புலவர் அறவாழி:

அரசியற்குழு என்ற என் பரிந்துரையையும், நடுவண் என்பதை ஏற்காததையும் கலைச்சொல் பட்டியலின் அடிக்குறிப்பில் பதிவுசெய்யக் கோருகிறேன். மேலும், 171 பேரை ‘மாற்று உறுப்பினர்’ என்றது பிழை. அவர்கள் எவருக்கும் மாற்றாக வந்தவர் அல்லர். கூட்டத்தில் அமரலாம், பேசலாம், வாக்களிக்க இயலாது. இடம் காலியானால் பெற்ற வாக்கு வரிசைப்படி உள்ளே வருவர். ‘காத்திருப்பு உறுப்பினர்’ என்பதே தகும்.

கதிரேசன்:

ஐயா, அது தொடர்வண்டிப் பயணச்சீட்டு. தனி இழை தொடங்குங்கள்.