டைனோல வந்த வீல் பவரை வச்சு இன்ஜின் பவரை எப்படிக் கணக்கிடுறது?

கேள்வி:
என் கார் முன்வீல் டிரைவ், 5 கியர் மேனுவல். கம்பெனி சொல்ற பவர் 110 பிஎஸ் (குதிரைத்திறன்). ட்யூன் பண்றதுக்கு முன்னாடி டைனோல, அதாவது வீலை ரோலர் மேல ஓட விட்டு பவரை அளக்கிற மெஷின்ல, ஏத்தினப்ப வீல்ல 92 வந்துச்சு. அதாவது 18 பிஎஸ் நடுவுல போகுது, கிட்டத்தட்ட 16.4%. ட்யூனுக்கு அப்புறம் வீல்ல 115. அதே சதவீதத்தைப் போட்டா இன்ஜின் 137.5னு வருது. 18ஐ மட்டும் கூட்டினா 133. எதை நம்பறது?

பதில் 1:
எல்லாரும் 15% போடுவாங்க ப்ரோ. அதையே போட்டுட்டுப் போங்க.

பதில் 2:
தம்பி, அந்த 15% பழக்கத்தை விட்டுடுங்க. டைனோ ஓட்டுறதுதான் என் வேலை, தினமும் இதைத்தான் பார்க்கறேன். ட்யூன் பண்ணதும் அதே கியர்பாக்ஸும் அதே டயரும் திடீர்னு 4.5 பிஎஸ் கூடுதலா எப்படித் தின்னும்? டயர் நசுங்கறது, கியர் ஆயிலைக் கலக்கறது, பேரிங், சீல் இதெல்லாம் வேகத்தைப் பொறுத்தது. இன்ஜின் எவ்வளவு டார்க் (சுத்தற விசை) குடுக்குதுன்னு அதுங்களுக்குப் பெரிசா கவலையில்லை. டார்க்கோட சேர்ந்து ஏறறது முக்கியமா கியர்ல பல்லோட பல்லு உரசற இழப்புதான். உங்க மாதிரி கியர்பாக்ஸ்ல அது 2, 3 சதவீதம்தான்.

ஊகிக்க வேண்டாம், அளந்துடலாம். ரன் முடிஞ்சதும் கியரை எடுக்காம கிளட்ச்சை மட்டும் மிதிச்சுப் பிடிங்க. ரோலர் தானா வேகம் குறையட்டும், அந்தக் குறையற வீதத்துலயே இழப்பு தெரிஞ்சுடும். இதைத்தான் கோஸ்ட்டவுன்னு சொல்றது. சுத்தறது எல்லாத்தையும் சேர்த்து 1000 கிலோவுக்குச் சமம்னு வைங்க. மணிக்கு 130 கிமீல, அதாவது நொடிக்கு 36.1 மீட்டர்ல, வேகம் நொடிக்கு 0.35 மீட்டர் குறைஞ்சா எதிர்விசை 350 நியூட்டன். பவர் 12.6 கிலோவாட், 17 பிஎஸ் சொச்சம்.

ரெண்டு ரன்னுக்கும் டயர் காத்தும், காரை ரோலர் மேல கட்டிப் பிடிக்கிற பெல்ட் இறுக்கமும் ஒண்ணா இருக்கணும். பெல்ட்டை இழுத்துக் கட்டினா டயர் ரோலர்ல அமுங்கி இழப்பு ஏறிடும். கியர் ஆயிலும் நல்லா சூடாகியிருக்கணும். இன்னொண்ணு, வெப்பநிலை, காத்தழுத்தத்துக்கான திருத்தம் இன்ஜின் பவருக்கு மட்டும்தான். முதல்ல இழப்பைக் கூட்டுங்க, அப்புறம் திருத்தத்தால பெருக்குங்க. பெருக்கிட்டுக் கூட்டினா தப்பு.

கேள்வி கேட்டவர்:
அண்ணா, டைனோல ரெண்டு ரன்னுக்கும் கோஸ்ட்டவுன் பதிவாகியே இருந்துச்சு, கேட்டு வாங்கினேன். 130 கிமீ வேகத்துல இழப்பு முன்னாடி 16.8 பிஎஸ், ட்யூனுக்கு அப்புறம் 17.1. திருத்தம் ரெண்டு ரன்லயும் கிட்டத்தட்ட 1தான்.

பதில் 2:
ரெண்டும் ஒண்ணுதான்னு வச்சுக்கலாம். 17 போட்டா 92 + 17 = 109. பல் இழப்பு 2.5%னு எடுத்து 0.975ஆல வகுத்தா 112. கம்பெனி சொல்ற 110க்குப் பக்கத்துல வந்துடுச்சு. அதே வழியில 115 + 17 = 132, வகுத்தா 135. ஆனா அந்தப் பல் இழப்பு நாம எடுத்துக்கிட்ட எண். கோஸ்ட்டவுன்ல கியர் சும்மா சுத்துது, லோடு இல்லை, அதனால அங்க அது தெரியாது. 135ஐ ஒண்ணு ரெண்டு முன்ன பின்னன்னு எடுத்துக்கோங்க. வீல்ல ஏறின 23 பிஎஸ்ஸுக்கு இந்தச் சந்தேகம் எதுவும் கிடையாது, ட்யூன் என்ன குடுத்துச்சுன்னு யாராவது கேட்டா அதையே சொல்லுங்க.