மறு: கேமராவுக்குப் பணம் – முதலில் பின்கட்டுக் கதவைப் பாருங்கள்

எல்லோருக்கும் வணக்கம்.

ஊரில் பூட்டிக் கிடந்த வீட்டின் பின்கட்டுக் கதவை யாரோ நெம்பித் திறந்துவிட்டார்கள், அதற்காகக் கேமரா வைக்கப் பொருளாளர் அண்ணன் நம் எல்லோரிடமும் பணம் கேட்டிருக்கிறார். அந்தக் கதவைச் சித்தி எடுத்து அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பூட்டு பூட்டியபடியே தொங்குகிறது. பூட்டு மாட்டும் கொண்டிதான் நிலையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறது. கீழே கிடக்கும் நாலு ஸ்க்ரூவும் முக்கால் அங்குலம்கூட இல்லை. புரியெல்லாம் மாவு மாதிரி மரத்தூள். உளுத்த மரத்தில் அது எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? ஒரு கம்பியைக் கொடுத்து நெம்பியிருக்கிறார்கள், கையோடு வந்துவிட்டது.

இந்தப் படத்தைப் பார்த்த பிறகும் "பெரிய பூட்டாக வாங்குங்கள்" என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். பூட்டு எவ்வளவு கனமாக இருந்தாலும் அதைத் தாங்குவது கொண்டி, கொண்டியைத் தாங்குவது ஸ்க்ரூ. ஆகவே தச்சரிடம் சொல்ல வேண்டியது இதுதான்: கொண்டிக்கு ஸ்க்ரூ வேண்டாம். 8 மி.மீ. வட்டத்தலை போல்ட்டைக் கதவின் வெளியிலிருந்து உள்ளே ஊடுருவிப் போட்டு, உள்பக்கம் அகலமான வாஷர் வைத்து நட் முடுக்க வேண்டும். வட்டத் தலையை வெளியிலிருந்து ஸ்பானரால் பிடிக்க முடியாது. கொண்டியை மடக்கிப் பூட்டினால் போல்ட் தலைகள் அதன் அடியில் மறைய வேண்டும். மறையவில்லை என்றால் அது தப்பான கொண்டி, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நிலைப் பக்கம் உளுத்த மரத்தைச் செதுக்கி எடுத்துவிட்டுப் புதுக் கட்டை பொருத்தி, நிலையைத் தாண்டிச் சுவருக்குள் இறங்கும் நீள ஆங்கர் (துளைக்குள் விரிந்து இறுகும் போல்ட்) போட வேண்டும்.

வெளிப்பூட்டு போட்டே ஆக வேண்டும் என்றால்தான் இதெல்லாம். உண்மையில் பின்கட்டுக் கதவுக்கு வெளிப்பூட்டே தேவையில்லை. மேலும் கீழும் தாழ்ப்பாள், நடுவில் குறுக்கே ஓர் இரும்புப் பட்டை, மூன்றையும் உள்ளிருந்து போட்டுவிட்டு முன்வாசல் வழியாக வெளியே வாருங்கள். மொட்டைமாடிக் கதவுக்கும் இதேதான். தெருவிலிருந்து கண்ணுக்குத் தெரியாத கதவில்தான் திருடன் நிதானமாக வேலை பார்ப்பான். முன்வாசலுக்குக் கதவுக்குள்ளேயே பதிக்கிற பூட்டு வையுங்கள். அதன் நாக்கு ஓர் அங்குலமாவது நிலைக்குள் போக வேண்டும். நாக்கு விழும் தகட்டுக்கு 3 அங்குல ஸ்க்ரூ. வெளியே தொங்கும் பூட்டு "ஆளில்லை" என்று எழுதி மாட்டிய மாதிரி.

வெளிப்பக்கம் திறக்கும் கதவு என்றால் கீலையும் பாருங்கள். கீலின் ஊசி வெளியே இருக்கும். அதைத் தட்டிக் கழற்றிவிட்டால் பூட்டு பூட்டியபடியே இருக்க, கதவு மறுபக்கமாகக் கழன்று வரும். இதற்கு மலிவான வழி உண்டு. ஒவ்வொரு கீல் அருகிலும் கதவின் விளிம்பில் தடித்த ஸ்க்ரூ ஒன்றை இறக்கி, தலையை அறுத்து, அரை அங்குலம் நீட்டிக்கொண்டிருக்க விடுங்கள். நேர் எதிரே நிலையில் ஒரு துளை. கதவைச் சாத்தும்போது இது அதற்குள் போய் உட்காரும். அப்புறம் ஊசியை உருவினாலும் கதவு வராது.

ஜன்னல் கிரில் சுவரில் பதித்ததா, மரச்சட்டத்தில் வெளியிலிருந்து ஸ்க்ரூ போட்டதா என்று பார்த்து எழுதுங்கள். இரண்டாவது வகை என்றால் ஸ்க்ரூ தலைகளை வெல்டிங் வைத்து மூடச் சொல்லுங்கள். ஏணியும் கடப்பாரையும் வெளியே கிடக்கக் கூடாது. சித்தி படத்தில் இரண்டுமே கிணற்றடியில் கிடக்கின்றன.

இனி பொருளாளர் அண்ணன் கேட்ட கேமரா. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கேமரா கதவைப் பிடித்து நிறுத்தாது. கதவு வேலை முடியாமல் அதற்குப் பணம் அனுப்ப எனக்கு மனம் ஒப்பவில்லை. வைப்பதென்றால் கணக்கு இப்படி: ஒரு கேமரா நொடிக்கு 2 மெகாபிட் அனுப்பினால் ஒரு நாளைக்குச் சுமார் 21.6 ஜிபி ஆகும். நாலு கேமராவுக்கு 86 ஜிபி. காட்சிகளைச் சேமிக்கும் 1 டிபி (1000 ஜிபி) வட்டு பதினோரு நாளில் நிரம்பி, பழையதை அழித்து மேலே எழுதும். மாதம் ஒருமுறை யாராவது எட்டிப்பார்க்கும் வீட்டுக்கு அது போதாது, 3 டிபியாவது வேண்டும். அந்த வட்டு இருக்கும் பதிவுப் பெட்டியை டிவிக்குக் கீழே வைத்தால் திருடன் அதையும் தூக்கிக்கொண்டு போவான். பரணில் மறைத்துப் பூட்டி வைத்து, அசைவு தெரிந்த காட்சிகள் மட்டும் உடனுக்குடன் இணையத்துக்கும் போகும்படி அமைக்க வேண்டும். மின்சாரம் போனாலும் ஓட, பெட்டிக்கும் ரவுட்டருக்கும் கேமராவுக்கும் சேர்த்து யுபிஎஸ் வேண்டும். எல்லாக் கேமராவையும் உயரத்தில் மாட்டினால் உச்சந்தலை மட்டும்தான் பதிவாகும். ஒன்றாவது வாசலில் முகமட்டத்துக்கு இருக்கட்டும். கேமரா முன்னால் கட்டும் சிலந்தி வலையை மாதாமாதம் துடைக்காவிட்டால் இரவில் வலைதான் வெள்ளையாகத் தெரியும், எச்சரிக்கை அடித்துக்கொண்டே இருக்கும், நாமே சலித்துப்போய் அணைத்துவிடுவோம். கடைக்காரர் போட்டுக் கொடுத்த கடவுச்சொல்லை அன்றைக்கே மாற்றுங்கள்.

நகை விஷயத்தில் ஒன்றே ஒன்று. ஆளில்லாத வீட்டுப் பீரோவில் நகை வைக்காதீர்கள். பீரோத் தகடு மெலிசு, கைப்பிடியோடு நெளித்து எடுத்துவிடலாம். சாவியும் பெரும்பாலும் மெத்தைக்கு அடியில்தான் இருக்கும், அது திருடனுக்கும் தெரியும். சிறிய இரும்புப் பெட்டி வாங்கினாலும் கான்கிரீட் தரையில் ஆங்கர் போல்ட் போட்டு இறுக்காவிட்டால் பெட்டியோடு போய்விடும். ஒவ்வொரு நகையையும் அளவுகோல் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து, எடையும் ரசீதும் சேர்த்து வீட்டுக்கு வெளியே வையுங்கள். காப்பீடு எடுத்தவர்கள், வீடு தொடர்ந்து எத்தனை நாள் பூட்டிக் கிடந்தால் திருட்டுக்குப் பணம் தரமாட்டார்கள் என்று பாலிசியில் தேடிப் பாருங்கள். பல பாலிசிகளில் 30 அல்லது 60 நாள்தான்.

பெரியப்பா, கதவைத் திறந்து போட்டுத் தூங்கிய ஊர் என்று எழுதியிருந்தீர்கள். அப்போது திண்ணையில் நாலு பேர் படுத்திருந்தார்கள். இன்றைக்கு அந்த வரிசையில் விளக்கெரிவது ஒரு வீட்டில். ஊரைக் குறைத்துப் பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள்.

இன்னொன்று, வருத்தத்தோடுதான் எழுதுகிறேன். யார் எந்தத் தேதியில் கிளம்புகிறார், சாவி யாரிடம் இருக்கிறது என்றெல்லாம் இந்தக் குழுவில் போடாதீர்கள். இந்த மடல்கள் யார் யாருக்குக் கைமாறிப் போகின்றன என்று நமக்குத் தெரியாது.

– மச்சு வீட்டிலிருந்து

———

மறு: மறு:

தம்பி, விவரத்துக்கு நன்றி. கேமராவுக்கு வந்த பணத்தைத் தொடாமல் அப்படியே வைத்திருக்கிறேன். வீடு வீடாகத் தனி ரசீது வேண்டும். போல்ட் எத்தனை, ஆங்கர் எத்தனை, கூலி எவ்வளவு என்று பிரித்து எழுதியிருக்க வேண்டும். கதவின் உள்பக்கத்து நட்டும் வாஷரும் தெரிகிற படம் வந்தால்தான் பணம் விடுவேன். கோயில் சுவர் வேலைக்குக் கொடுத்த ரசீது மாதிரி "மொத்தமாக" என்று ஒரு வரியில் எழுதி வாங்க நான் தயாரில்லை, அது யாருக்கு வலித்தாலும் சரி.

– பொருளாளர்

———

மறு: மறு: மறு:

கோயில் சுவர்க் கணக்கை மூன்று தடவை அனுப்பியாகிவிட்டது, அண்ணனுக்கு அது நன்றாகத் தெரியும். அதைத் தனியாகப் பேசிக்கொள்ளலாம். தச்சர் சனிக்கிழமை வருகிறார். நிலையின் தடிமனையும் கதவின் தடிமனையும் இன்று அளந்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன், போல்ட் நீளம் அதைப் பொறுத்தது. கீழவரிசையில் பின்கதவு இருக்கிறவர்கள் உங்கள் வீட்டு அளவையும் சேர்த்துக் கொடுத்தால் ஒரே தடவையில் வாங்கிவிடலாம்.

– கீழவீடு