‘நோ ஃபயர் சோன்’ திரையிடல்களில் நீங்கள் சந்தித்த மனிதர்கள்: அனுபவம் பகிருங்கள்

ஹாரோ, லண்டன்

2013, 2014 ஆண்டுகளில் இந்தப் படத்தை லண்டனில் சின்னச் சின்ன மண்டபங்களில் போட்டுக் காட்டிய குழு ஒன்றில் நானும் இருந்தேன். கதிரை அடுக்குவது, வாசலில் நிற்பது, படம் முடிந்ததும் தேத்தண்ணீர் கொடுப்பதுதான் என் வேலை. அதனால் படம் பார்த்தவர்களின் முகங்கள்தான் எனக்குக் கூடுதலாக ஞாபகம் இருக்கின்றன.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2011 ஜூன் 14 இரவு பிரித்தானியத் தொலைக்காட்சியான சனல் 4 ‘சிறீலங்காவின் கொலைக்களங்கள்’ நிகழ்ச்சியை ஒளிபரப்பியது. ஜோன் ஸ்னோ வழங்கினார், கெலம் மக்ரே இயக்கினார். அடுத்த ஆண்டு அதன் தொடர்ச்சி வந்தது. 2013இல் மக்ரே முழுநீளமாக எடுத்ததுதான் ‘நோ ஃபயர் சோன்’. 2009இல், இறுதிப் போரில், இலங்கை அரசே பாதுகாப்பு வலயம் என்று அறிவித்து, சனத்தைப் போகச் சொன்ன இடங்களில் ஷெல் விழுந்த கதை அது. உள்ளே அகப்பட்டவர்கள் எடுத்த காட்சிகளும் இருக்கின்றன, இராணுவத்தினர் தங்கள் கைபேசியில் தாங்களே எடுத்து வைத்த காட்சிகளும் இருக்கின்றன.

வாசலில் சண்டைக்குக் குறைவிருக்காது. ‘புலிகளின் பிரசாரம்’ என்று துண்டுப்பிரசுரம் கொடுக்க வருபவர்கள் ஒரு பக்கம். எங்கள் ஆட்களிலேயே பாதியில் எழும்பிப் போனவர்களும் உண்டு. புலிகள் சனத்தை வெளியேற விடாமல் மறித்ததையும், தப்பி ஓடியவர்களைச் சுட்டதையும் படம் சொல்கிறது. அந்த இடம் வந்ததும், “இதை ஏன் போடுறியள்?” என்று ஒருவர் என்னிடம் பாய்ந்தார். நடந்ததுதானே அண்ணை என்றேன். பதில் சொல்லாமல் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அது படத்தில் இருக்கத்தான் வேண்டும் என்பது அன்றும் இன்றும் என் கருத்து. அங்கிருந்து வந்தவர்களைக் கேட்டால் அதையும்தான் சொல்கிறார்கள்.

ஆனால் நான் எழுத வந்தது வேறு விஷயம். ஒருநாள் விளக்குப் போட்ட பிறகும் ஒரு அம்மா கதிரையை விட்டு எழும்பவில்லை. தேத்தண்ணீர் கொண்டுபோனேன். “பிள்ளை, அந்த ஆஸ்பத்திரிக் காட்சியைத் திரும்பப் போட ஏலுமோ?” என்றார். காயக்காரரை நிலத்தில் கிடத்தியிருக்கும் காட்சி. மடிக்கணினியில் போட்டேன். ஓரிடத்தில் நிற்பாட்டச் சொன்னார். சுவரோரம் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பெடியன் குந்தியிருக்கிறான். முகம் தெரியவில்லை. “காதைப் பார். எங்கட சின்னவனுக்கும் இப்பிடித்தான் காது வெளியால நிக்கும்.” பெரிதாக்கிக் காட்டினேன். பெரிதாக்கப் பெரிதாக்கப் படம் கட்டம் கட்டமாக உடைந்ததே தவிர, அந்தக் காதுகூடத் தெரியாமல் போய்விட்டது. அவர் திரையில் விரலை வைத்தபடியே இருந்தார்.

அதற்குள் அவருக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர் வந்து நின்றுவிட்டார்கள். ஒருவர் கையில் பாடசாலை அடையாள அட்டையில் இருந்து பிரித்தெடுத்த படம். இன்னொருவர் கைபேசியில் கலியாண வீட்டுப் படம். எல்லோரும் ஏதாவது ஒரு காட்சியைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்று கேட்டார்கள். இறந்தவர்களைக் காட்டும் பகுதியைக் கேட்டவர்களும் இருந்தார்கள். அதன் பிறகு ஒவ்வொரு திரையிடலிலும் மண்டபத்தை அரை மணித்தியாலம் கூடுதலாக எடுத்து வைத்தோம், இதற்கென்றே.

உண்மையா போலியா என்று நிபுணர்கள் பேசினார்கள். கைபேசிக் காட்சிகளில் முதலில் வெளிவந்ததை ஐ.நா.வின் பிலிப் ஆல்ஸ்டன் 2010 ஜனவரியில் உண்மை என்றே தெரிகிறது என அறிவித்தார். சனல் 4 நிகழ்ச்சி விதிகளை மீறவில்லை என்று 2011இல் பிரித்தானிய ஒளிபரப்புக் கண்காணிப்பு அமைப்பான ஒஃப்கொம் தீர்மானித்தது. இதெல்லாம் தேவைதான். ஆனால் அந்த அரை மணித்தியாலத்துக்கு நின்றவர்களில் ஒருவர்கூட இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டதில்லை. மகன் அதில் இருக்கிறானா என்பதுதான் அவர்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது. இப்படி யாரையாவது நீங்களும் சந்தித்திருந்தால் எழுதுங்கள்.

திருச்சி

அக்கா, உங்கள் பதிவைப் படித்ததும் விடுதி அறை ஞாபகம் வந்துவிட்டது. 2013 மார்ச்சில் நாங்களெல்லாம் போராட்டத்துக்காகத் தெருவில் இருந்தோம். பிரபாகரனின் மகன் பாலச்சந்திரன் பதுங்குகுழியில் உட்கார்ந்து எதையோ தின்றுகொண்டிருக்கும் படம் பிப்ரவரியில் வெளியானது. மார்ச் 8 அன்று சென்னை லயோலா கல்லூரி மாணவர்கள் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். அப்புறம் தமிழ்நாடு முழுக்கப் பற்றிக்கொண்டது. 21ஆம் தேதி ஜெனீவாவில், ஐ.நா. மனித உரிமைப் பேரவையில், இலங்கை பற்றிய தீர்மானம் 25க்கு 13 என்று நிறைவேறியது. இந்தியாவும் ஆதரித்தது. எங்களுக்கு அது போதவில்லை.

படத்தை நாங்கள் பார்த்தது அடுத்த வருடம். 2014இல் தணிக்கை வாரியம் சான்றிதழ் தர மறுத்ததும், படக்குழுவே இந்தியாவில் இணையத்தில் இலவசமாக விட்டது. ஒரு அறையில் இருபது பேர் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். போராட்டத்தில் அதிகம் கத்தியவர்கள்தான் முதலில் தலையைக் குனிந்தார்கள்.

கொட்டப்பட்டு இலங்கை அகதிகள் முகாமிலிருந்து வந்து படித்த நண்பன் ஒருவன் உள்ளே வரவே இல்லை. முகாமிலேயே பிறந்தவன். வராந்தாவில் நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். “படத்துல வர்ற ஊர்ப் பேரெல்லாம் சத்தமா சொல்லுடா” என்றான். புதுக்குடியிருப்பு, புதுமாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று நான் சொல்லச் சொல்ல எழுதினான். “இரணைப்பாலை வந்துச்சா?” என்று மட்டும் இரண்டு தடவை கேட்டான். அவன் அம்மம்மாவின் ஊர் அது. சனிக்கிழமை முகாமுக்குப் போனதும் அவருக்கு வாசித்துக் காட்டத்தான் அந்தப் பட்டியல். எங்கள் கோஷங்களில் அந்த ஊர்ப் பெயர்கள் எதுவுமே இருந்ததில்லை.

கிள்ளான், மலேசியா

எங்கள் நாட்டில் இந்தப் படம் வழக்கு வரைக்கும் போனது. 2013 ஜூலை 3 அன்று கோலாலம்பூர் சிலாங்கூர் சீன அசெம்பிளி மண்டபத்தில் போட்டபோது அதிகாரிகள் உள்ளே நுழைந்தார்கள். திரையிடலை ஏற்பாடு செய்தவர்களில் ஒருவரான லீனா ஹெண்ட்ரி மீது, தணிக்கை இல்லாமல் படம் காட்டியதாக 2002ஆம் ஆண்டுத் திரைப்படத் தணிக்கைச் சட்டத்தின் கீழ் வழக்கு. 2016இல் விடுதலையானார், மேல்முறையீட்டில் அது மாறியது, 2017இல் பத்தாயிரம் ரிங்கிட் அபராதம். ஒரு படம் காட்டியதற்கு இத்தனை வருடம் நீதிமன்றம் ஏறி இறங்கியிருக்கிறார் அந்தப் பெண். அவரை நினைத்தால் எனக்கு இன்னும் மனம் கொதிக்கிறது.

நான் அன்று போகவில்லை. பிறகு ஒரு நண்பர் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தோம். வந்தவர்களில் சிலர், தங்கள் பெயரை எங்கேயும் சொல்லிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். இலங்கையில் சொந்தக்காரர் யாரும் இல்லாதவர்கள்தான், இருந்தும் பயம். என் மகளுக்கு இப்போது பதினான்கு வயது, பார்க்கணும் என்கிறாள். காட்டலாமா அக்கா?

மெல்பர்ன்

என்னோடு வேலை செய்த சிங்களவர் ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். நல்ல மனிதர். அவருடைய அண்ணர் இராணுவத்தில் இருந்து கிளிநொச்சிச் சண்டையில் காலை இழந்தவர். இலங்கைப் பாதுகாப்பு அமைச்சு சனல் 4 நிகழ்ச்சிக்கு எதிராக 2011 ஓகஸ்டில் வெளியிட்ட மறுப்புப் படத்தை முதலில் அவர்தான் எனக்கு அனுப்பினார். நான் முழுக்கப் பார்த்தேன். சரி, இப்போது நீங்கள் இதைப் பாருங்கள் என்று ‘நோ ஃபயர் சோன்’ கொடுத்தேன்.

ஒரு கிழமை அதைப் பற்றிப் பேச்சே இல்லை. பிறகு மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தானாகவே சொன்னார். கைகள் கட்டப்பட்டவர்களைச் சுடும் இடத்தில் நிறுத்திவிட்டாராம். “சிங்களத்தில் பேசியதை நீ கீழே வந்த எழுத்தை வாசித்துத் தெரிந்துகொண்டாய். எனக்கு வாசிக்க வேண்டியிருக்கவில்லை. அவர்கள் சிரித்துப் பேசுவது எங்கள் ஊர்ப் பெடியங்கள் பேசுகிற மாதிரியே இருந்தது.” குரல் போலி இல்லை என்பது அவருக்கு விளங்கிவிட்டது. ஆனாலும் பொதுமக்கள் 40,000 பேர்வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு சொன்ன கணக்கை அவர் ஏற்கவில்லை, இன்றைக்கும் ஏற்கவில்லை. அதில் நாங்கள் ஒத்துப்போகவே இல்லை. அன்றிலிருந்து ‘கட்டுக்கதை’ என்று மட்டும் அவர் சொன்னதில்லை.

ஹாரோ, லண்டன்

திருச்சித் தம்பி, ஊர்ப்பெயர்ப் பட்டியலை வாசித்தபோது அந்த அம்மம்மா என்ன சொன்னார் என்று முடிந்தால் எழுதுங்கள்.

நான் எழுதிய அந்த அம்மாவின் தங்கை கிளிநொச்சியில் இருக்கிறார். 2017 பெப்ரவரி 20இல் கந்தசுவாமி கோயில் முன்னால் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளின் போராட்டத்துக்கு, பெறாமகனின் படத்தோடு அவர்தான் போய் வந்தார்.

கிள்ளான் அண்ணா, பதினான்கு வயதுக்கு முழுப் படம் வேண்டாம் என்பேன். கடைசிப் பகுதியில் பெண்களின் உடல்களுக்குச் செய்ததைக் காட்டும் இடங்கள் பெரியவர்களுக்கே தாங்காது. முதலில் நீங்கள் தனியாக இன்னொரு தடவை பார்த்து, நேரத்தைக் குறித்து வையுங்கள். பாதுகாப்பு வலயம் பற்றியும் ஆஸ்பத்திரிகள் பற்றியும் வரும் பகுதிகளை, பகல் நேரத்தில், பக்கத்தில் இருந்து காட்டுங்கள். நிற்பாட்டச் சொன்னால் உடனே நிற்பாட்டிவிடுங்கள். அவளுக்கு வரும் கேள்விகளை இங்கே எழுதுங்கள், வன்னியில் இருந்து வந்தவர்களிடமே கேட்டுச் சொல்கிறேன்.